மாற்றிய இன்ஜின் ஸ்டார்ட் ஆகவில்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய இன்ஜினை இறக்கி, வேறொரு காரில் ஓடிக்கொண்டிருந்த இன்ஜினை ஏற்றியாயிற்று. எல்லா போல்ட்டும் முறுக்கியாயிற்று. சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட் ஆகவில்லை. உடனே புது சென்சார், புது காயில், புது பம்ப் என்று வாங்கத் தோன்றும். அவசரப்பட வேண்டாம். கழற்றுவதற்கு முன்பு நன்றாக ஓடிய இன்ஜின் என்றால், கோளாறு அதன் வயிற்றுக்குள் இருக்க வாய்ப்பு குறைவு. இன்ஜினும் காரும் கைகோக்கும் இடங்களில்தான் பெரும்பாலும் சிக்கல் இருக்கும்: எர்த் வயர், கப்ளர் (வயர்களை இணைக்கும் சாக்கெட்), ஹோஸ், சாவி. அதாவது உங்கள் கை பட்ட இடங்கள்.

எங்கிருந்து ஆரம்பிப்பது?

முதலில் கோளாறு எந்த வகை என்று பிரித்துக்கொள்ளுங்கள். செல்ஃப் மோட்டார் இன்ஜினைச் சுற்றவே இல்லையா? சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லையா? பிடித்து இரண்டு விநாடியில் அணைந்துவிடுகிறதா? மூன்றுக்கும் தேடவேண்டிய இடம் வேறு வேறு.

எந்த வகையானாலும் பேட்டரியைப் பார்த்துவிட்டுத்தான் மற்றதெல்லாம். முழு சார்ஜில், எதுவும் ஓடாத நிலையில் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே போகக்கூடாது. இன்ஜின் மாற்றும் நாட்களில் கதவு திறந்தே கிடக்கும், உள்விளக்கு எரிந்தபடி இருக்கும். பேட்டரி பாதி இறங்கியிருப்பது சகஜம். வோல்டேஜ் சரிந்தால் செல்ஃப் சுற்றும், ஆனால் இசியு (இன்ஜினை இயக்கும் கணினி) தூங்கிவிடும். அப்புறம் ஸ்பார்க் இல்லை என்று நாள் முழுக்கத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரு சத்தம் மட்டும்தான். ஏன்?

இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவே போகும் எர்த் பட்டையைப் போட மறந்திருப்பீர்கள். அல்லது பெயின்ட் மேல் வைத்து முறுக்கியிருப்பீர்கள். இன்ஜின் ரப்பர் மவுண்ட் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் வழியே கரண்ட் போகாது. எர்த் இல்லாவிட்டால் செல்ஃப் இழுக்கும் நூற்றுக்கணக்கான ஆம்பியர் கரண்ட், கிளட்ச் கேபிள், ஆக்ஸிலரேட்டர் கேபிள் என்று கிடைத்த வழியில் திரும்பப் பார்க்கும். செல்ஃப் அடித்த பிறகு இந்தக் கேபிள்கள் சுட்டால் வேறு சாட்சி தேவையில்லை.

ஓம் அளவில் வைத்துப் பார்க்காதீர்கள். இருபது இழையில் ஒரே இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டர் பூஜ்யம்தான் காட்டும். லோடு கொடுத்துப் பாருங்கள். மீட்டரை வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ் கம்பத்திலும் (கிளாம்ப்பில் அல்ல, கம்பத்திலேயே) மறுமுனையை இன்ஜின் பிளாக்கின் வெறும் உலோகத்திலும் வைத்து, ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. பாசிட்டிவ் பக்கமும் அப்படியே: பேட்டரி பாசிட்டிவ் கம்பத்திலிருந்து செல்ஃப் மோட்டாரின் தடித்த போல்ட் வரை 0.5 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும்.

மீட்டர் இல்லையென்றால், ஜம்பர் கேபிள் ஒன்றை பேட்டரி நெகட்டிவிலிருந்து நேராக இன்ஜின் பிளாக்குக்குக் கொடுத்துப் பாருங்கள். செல்ஃப் சுறுசுறுப்பாகச் சுற்றினால் விடை கிடைத்துவிட்டது. பெயின்ட்டைச் சுரண்டி, எர்த்தை வெறும் இரும்பில் முறுக்குங்கள். சிலிண்டர் ஹெட்டுக்கு, இன்டேக் மேனிஃபோல்டுக்கு என்று இசியு வயரிங்கில் தனியாக மெல்லிய எர்த் வயர்கள் வரும். அவையும் அதேபோல முக்கியம். ஆனால் மறப்பது அவற்றைத்தான்.

ஒரு சத்தமும் வரவில்லையென்றால்?

செல்ஃப் சோலனாய்டில் (மோட்டாருக்குக் கரண்ட்டைத் திறந்துவிடும் மின்காந்த சுவிட்ச்) தடித்த வயரோடு ஒரு மெல்லிய வயரும் வரும். சாவியை ஸ்டார்ட் நிலையில் பிடித்துக்கொண்டு அதில் 12 வோல்ட் வருகிறதா என்று டெஸ்ட் பல்பில் பாருங்கள். வருகிறது, ஆனாலும் சோலனாய்டு அசையவில்லை என்றால் மோட்டார் அல்லது அதன் எர்த். வரவில்லை என்றால் பின்னோக்கிப் போங்கள்: ஸ்டார்ட்டர் ரிலே, கிளட்ச் பெடல் சுவிட்ச், ஆட்டோமேட்டிக்காக இருந்தால் பார்க்–நியூட்ரல் சுவிட்ச். ஆட்டோமேட்டிக் காரில் மேனுவல் கியர்பாக்ஸோடு இன்ஜினை ஏற்றியவர்களுக்கு இந்த நியூட்ரல் சுவிட்ச் வயர் அந்தரத்தில் தொங்கும். கார் கியரில் இருப்பதாக நினைத்துக்கொண்டு ரிலேக்குக் கரண்ட் விடாது.

செல்ஃப் உறுமுகிறது, இன்ஜின் இறுகிக் கிடக்கிறது. சீஸ் ஆகிவிட்டதா?

பயப்படும் முன் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, கிராங்க் புல்லி போல்ட்டில் சாக்கெட் போட்டு, இன்ஜின் ஓடும் திசையிலேயே கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். பிளக் இல்லாமல் லேசாகச் சுற்றவேண்டும். பிளக் துளையிலிருந்து கூலன்டோ பெட்ரோலோ பீய்ச்சினால் சிலிண்டருக்குள் திரவம் நின்றிருக்கிறது என்று பொருள். முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். நல்லவேளை, கையால் சுற்றினீர்கள். அதே நிலையில் செல்ஃபை அழுத்தியிருந்தால் கனெக்டிங் ராடு வளைந்திருக்கும்.

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் என்றால் டார்க் கன்வர்ட்டரை (இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே ஆயில் வழியே சுழற்சியைக் கடத்தும் பாகம்) சந்தேகப்படுங்கள். கன்வர்ட்டர் கியர்பாக்ஸ் பம்பில் முழுதாக உட்காராமல், பெல் ஹவுசிங் (கியர்பாக்ஸின் மணி வடிவ முன்கூடு) போல்ட்டை வைத்து இழுத்து இறுக்கிவிட்டால், இன்ஜின் இறுகும், பம்ப்பும் உடையும். பெல் ஹவுசிங் பிளாக்கோடு கையாலேயே ஒட்ட வேண்டும். ஒட்டிய பிறகு கன்வர்ட்டருக்கும் ஃபிளெக்ஸ் பிளேட்டுக்கும் (ஆட்டோமேட்டிக்கில் ஃபிளைவீலுக்குப் பதிலாக வரும் தகடு) நடுவே பொதுவாக 3 முதல் 5 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். இடைவெளி இல்லையென்றால் கழற்றி, கன்வர்ட்டரைச் சுழற்றிச் சுழற்றி உள்ளே தள்ளுங்கள். இரண்டு மூன்று முறை ‘கிளிக்’ என்று இறங்கும்.

செல்ஃப் ‘விர்ர்’ என்று தனியாகச் சுற்றினால் அதன் பல் ஃபிளைவீலைத் தொடவில்லை. ஃபிளைவீலின் பல் எண்ணிக்கையும் செல்ஃப் மோட்டாரும் ஒரே ஜோடியாக இருக்கவேண்டும்.

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, பிடிக்கவே மாட்டேன் என்கிறது. எதை முதலில் பார்ப்பது?

ஸ்பார்க்கை அல்ல, பெட்ரோலையும் அல்ல. ஸ்கேனரை (இசியுவோடு பேசும் கருவி) ஓபிடி சாக்கெட்டில் மாட்டி, லைவ் டேட்டாவில் ஆர்பிஎம் பாருங்கள். செல்ஃப் அடிக்கும்போது 150 முதல் 250 ஆர்பிஎம் காட்ட வேண்டும். பூஜ்யம் காட்டினால் கிராங்க் சென்சார் (இன்ஜின் சுழல்வதை இசியுவுக்குச் சொல்லும் சென்சார்) சிக்னல் இசியுவுக்குப் போகவில்லை. அந்த சிக்னல் இல்லாமல் இசியு ஸ்பார்க்கும் கொடுக்காது, பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜெக்டரையும் திறக்காது. பல கார்களில் பெட்ரோல் பம்ப்பையும் ஓட விடாது. மூன்றும் ஒரே நேரத்தில் இல்லை என்றால் மூன்று பாகமும் ஒன்றாகக் கெட்டுப்போகவில்லை, சிக்னல் ஒன்றுதான் இல்லை.

இரண்டு வயர் உள்ள காந்த வகை சென்சார் என்றால், கப்ளரைக் கழற்றி மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து செல்ஃப் அடியுங்கள். அரை வோல்ட்டாவது வர வேண்டும். மூன்று வயர் ஹால் வகை என்றால் கப்ளரின் ஒரு பின்னில் 5 அல்லது 12 வோல்ட், ஒன்றில் எர்த், மூன்றாவதில் சுற்றும்போது மேலும் கீழும் மாறும் சிக்னல். சென்சார் முனைக்கும் பல்சக்கரத்துக்கும் இடைவெளி பொதுவாக 0.5 முதல் 1.5 மில்லிமீட்டர். சென்சாருக்கு அடியில் அழுக்கு மாட்டியிருந்தாலே இது கெட்டுப்போகும்.

இன்ஜின் மாற்றியவர்கள் மட்டும் மாட்டிக்கொள்ளும் பொறி ஒன்று உண்டு. சில இன்ஜின்களில் கிராங்க் சென்சார் படிக்கும் பற்கள் ஃபிளைவீலிலேயே இருக்கும். ஃபிளெக்ஸ் பிளேட்டை எடுத்துவிட்டு வேறு மாடல் ஃபிளைவீலைப் போட்டால், படிக்கப் பல் இருக்காது, அல்லது வேறு வரிசையில் இருக்கும். சென்சார் புதிது, வயர் சரி, ஆனாலும் இன்ஜின் ஊமை. இன்னொன்று, பற்களின் எண்ணிக்கை. 36-இல் ஒன்று குறைந்த சக்கரம், 60-இல் இரண்டு குறைந்த சக்கரம் என்று பல வகை உண்டு. ஜெனரல் மோட்டார்ஸின் எல்எஸ் வி8 இன்ஜின் குடும்பத்தில் முந்தையவை 24 எக்ஸ் (சுற்றுக்கு 24 சிக்னல்), பிந்தையவை 58 எக்ஸ். ஒன்றுக்கான இசியு மற்றதைப் படிக்காது. கியர்பாக்ஸை மறுபடி இறக்கவேண்டி வருவது இதற்காகத்தான் என்பதால், ஏற்றும் முன்பே பல்லை எண்ணிவிடுங்கள்.

ஸ்கேனர் இசியுவோடு பேசவே இல்லை. இசியு போய்விட்டதா?

பெரும்பாலும் இல்லை, அதற்குச் சோறு போகவில்லை. இசியுவின் பாசிட்டிவ் பின்கள், எர்த் பின்கள் ஒவ்வொன்றையும் வயரிங் படத்தோடு ஒப்பிட்டு, டெஸ்ட் பல்பை எரிய வைத்துப் பாருங்கள். மீட்டர் 12 வோல்ட் காட்டும், பல்ப் எரியாது என்றால் எங்கேயோ துருவோ அரைகுறை இணைப்போ இருக்கிறது.

வயரிங்கைத் தாங்களே இணைத்தவர்கள் கவனிக்க: இக்னிஷன் கரண்ட்டை எடுக்கும் வயர், சாவியை ‘ஸ்டார்ட்’ நிலைக்குக் கொண்டுபோகும்போதும் உயிரோடு இருக்க வேண்டும். ரேடியோ வயரிலிருந்து எடுத்தால், சாவி ‘ஆன்’ நிலையில் எல்லாம் சரியாக இருக்கும். செல்ஃப் அடித்த கணத்தில் கரண்ட் அறுந்துவிடும். இதற்கு ஓர் அடையாளம் உண்டு: சாவியை விடும் கணத்தில் இன்ஜின் ஒரே ஒரு உதை உதைக்கும்.

கரண்ட் சரி, ஆனாலும் பேசவில்லை என்றால் பேட்டரியைக் கழற்றிவிட்டு ஓபிடி சாக்கெட்டின் 6, 14 பின்களுக்கு நடுவே ஓம் பாருங்கள். கேன் வயரிங் (காரின் கணினிகள் ஒன்றோடொன்று பேசும் வயர் ஜோடி) உள்ள கார்களில் 60 ஓம் அளவில் இருக்க வேண்டும். 120 காட்டினால் இரண்டு முனைத் தடைகளில் ஒன்று வரவில்லை. பல கார்களில் ஒரு தடை இசியுவிலும் மற்றொன்று மீட்டர் போர்டிலும் இருக்கும் என்பதால், வேறு காரின் இசியுவை மட்டும் கொண்டுவந்தவர்களுக்கு இது நேரும்.

டேஷ்போர்டில் சாவிப் படம் மின்னுகிறது. இம்மொபிலைசர்தானே?

ஆமாம். சாவிக்குள் இருக்கும் சிப்பை இம்மொபிலைசர் என்ற திருட்டுத் தடுப்புக் கருவி அடையாளம் கண்டு இசியுவுக்கு அனுமதி சொல்ல வேண்டும். வேறு காரின் இசியு இந்தச் சாவியை அறியாது. காரைப் பொறுத்து விதம் விதமாகத் தடுக்கும்: சிலவற்றில் செல்ஃபே அடிக்காது, சிலவற்றில் செல்ஃப் சுற்றும், இன்ஜெக்டர் திறக்காது, சிலவற்றில் இன்ஜின் பிடித்து ஒன்றிரண்டு விநாடியில், ஒவ்வொரு முறையும் கடிகாரம் வைத்தாற்போல அணையும்.

வழி மூன்று. இன்ஜின் வந்த காரிலிருந்து இசியு, இம்மொபிலைசர் பெட்டி, சாவி, சாவித் துளையைச் சுற்றியுள்ள ஆன்டெனா வளையம் எல்லாவற்றையும் ஒரே ஜோடியாகக் கொண்டுவருவது எளிது. அல்லது உங்கள் காரின் பழைய இசியுவையே வைத்துக்கொள்வது. ஆனால் இரண்டு இன்ஜினும் ஒரே குறியீட்டு எண் கொண்டவையாக இருந்தால்தான் இது நடக்கும். மூன்றாவது, உரிய கருவி வைத்திருப்பவரிடம் கொடுத்து இசியுவைச் சாவியோடு சேர்த்துப் பதிவு செய்வது.

ஸ்பார்க் வருகிறது, ஆனால் இன்டேக் வழியே வெடிக்கிறது. என்ன அர்த்தம்?

ஸ்பார்க் வருகிறது, தப்பான நேரத்தில் வருகிறது. பிளக் வயர்கள் சிலிண்டர்கள் எரியும் வரிசைப்படி இருக்கின்றனவா என்று பாருங்கள். நான்கு சிலிண்டர் இன்ஜின்களில் பெரும்பாலும் 1-3-4-2. சுபாரு பாக்ஸரில் 1-3-2-4. ஆறு சிலிண்டரும் ஒரே கோட்டில் உள்ள இன்ஜினில் 1-5-3-6-2-4. செவர்லே ஸ்மால் பிளாக் வி8 1-8-4-3-6-5-7-2 என்றால், அதன் வாரிசான எல்எஸ் 1-8-7-2-6-5-4-3. குடும்பம் ஒன்று என்று நம்பிப் பழைய வரிசையில் போட்டவர்கள் வெடிச்சத்தம் கேட்டிருப்பார்கள்.

டிஸ்ட்ரிபியூட்டர் (ஸ்பார்க்கை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்துத் தரும் பாகம்) உள்ள இன்ஜின் என்றால் அது 180 டிகிரி தலைகீழாக உட்கார்ந்திருக்கலாம். கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால்தான் டிஸ்ட்ரிபியூட்டர் ஒரு சுற்று. ஆகவே புல்லியில் உள்ள குறி சேர்ந்ததால் மட்டும் முதல் சிலிண்டர் எரியும் நேரம் என்று சொல்லிவிட முடியாது. முதல் பிளக்கைக் கழற்றி, துளையில் விரலை வைத்துக் கையால் சுற்றுங்கள். காற்று விரலைத் தள்ளும்போது குறி சேர்ந்தால் அதுதான் சரியான நேரம். அப்போது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் ரோட்டர் முதல் வயரைக் காட்ட வேண்டும்.

ஸ்பார்க் சோதிக்க ஸ்பார்க் டெஸ்டர் வையுங்கள். வயரைக் காற்றில் தூக்கிப் பிடித்து செல்ஃப் அடித்தால் காயிலோ இசியுவோ எரியக்கூடும். பக்கத்தில் பெட்ரோல் ஆவி இருந்தால் அதுவும்.

பெட்ரோல் வருகிறதா என்று எப்படி உறுதியாகச் சொல்வது?

ஹோஸைக் கழற்றி ‘பெட்ரோல் கொட்டுகிறது’ என்று பார்ப்பது சோதனை அல்ல. கொட்டும், பிரஷர் இருக்காது. கேஜ் மாட்டுங்கள். போர்ட் இன்ஜெக்ஷன் இன்ஜினுக்குப் பெரும்பாலும் 3 முதல் 4 பார், கார்புரேட்டருக்கு 0.2 முதல் 0.5 பார் போதும். கார்புரேட்டர் காரில் இன்ஜெக்ஷன் இன்ஜினை ஏற்றி, பழைய பம்ப்பையே விட்டுவைத்தவர்கள் இந்த இரண்டு எண்ணையும் ஒருமுறை பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும்.

சாவியை ஆன் செய்தால் பம்ப் இரண்டு விநாடி ‘உய்ங்’ என்று ஓடி நிற்கவேண்டும். ஓடவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே, பம்ப் எர்த். சில கார்களில் மோதலில் பம்ப்பை நிறுத்தும் சுவிட்ச் ஒன்று உண்டு. இன்ஜினை ஏற்றும்போது பட்ட தட்டலில் அது கட் ஆகியிருக்கலாம், அழுத்தினால் போதும். பம்ப் ஓடுகிறது, பிரஷர் இல்லை என்றால் சப்ளை ஹோஸும் ரிட்டர்ன் ஹோஸும் மாறியிருக்கின்றன, அல்லது பம்ப் வயர் தலைகீழாக இருக்கிறது. மோட்டார் திரும்பிச் சுற்றும்போதும் சத்தம் வரும் என்பதை மறக்கவேண்டாம். மாதக்கணக்கில் நின்ற காரென்றால், டாங்கில் உள்ள பெட்ரோல் வார்னிஷ் வாடை அடிக்கிறதா என்றும் முகர்ந்து பாருங்கள்.

பிரஷர் சரி என்றால் இன்ஜெக்டர் கப்ளரில் எல்இடி டெஸ்ட் பல்பை மாட்டுங்கள். செல்ஃப் அடிக்கும்போது மினுக்க வேண்டும். விடாமல் எரிந்தால் அந்த வயர் எர்த்தில் ஷார்ட்; எரியவே இல்லையென்றால் 12 வோல்ட் வரவில்லை அல்லது இசியு உத்தரவு தரவில்லை.

பிளக் நனைந்து கிடக்கிறது. இப்போது என்ன?

பெட்ரோல் அதிகம். பிளக்குகளைக் கழற்றிக் காய வைத்து மாட்டி, ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்தபடி செல்ஃப் அடியுங்கள். பெரும்பாலான இன்ஜெக்ஷன் கார்களில் இசியு இதை வெள்ளம் வடிக்கும் உத்தரவாக எடுத்து இன்ஜெக்டரை நிறுத்திவைக்கும். பிறகு காரணத்தைத் தேடுங்கள். ஸ்கேனரில் கூலன்ட் வெப்பநிலை மைனஸ் 40 காட்டினால், அந்த சென்சார் மாட்டப்படவில்லை. இன்ஜின் பனியில் உறைந்திருப்பதாக நினைத்து இசியு பெட்ரோலை ஊற்றுகிறது. மீட்டர் முள்ளுக்கான சென்சாரும் இசியுவுக்கான சென்சாரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், கப்ளர் மாறிப்போகும். இரவு முழுக்க நின்ற காரில் கூலன்ட் வெப்பநிலையும் காற்று வெப்பநிலையும் கிட்டத்தட்ட ஒன்றாகக் காட்டுவதுதான் சரியான நிலை.

பிடிக்கிறது, உடனே அணைந்துவிடுகிறது.

இம்மொபிலைசர் இல்லை என்று உறுதியானால் காற்றுக் கசிவு. பிரேக் பூஸ்டர் ஹோஸ், கிராங்க்கேஸ் காற்று ஹோஸ், இன்ஜெக்டர் ஓ-ரிங், இன்டேக் கேஸ்கெட் என்று பாருங்கள். காற்று அளவிடும் மாஸ் சென்சாருக்கும் த்ராட்டிலுக்கும் நடுவே உள்ள ரப்பர் குழாய் கிழிந்திருந்தாலும் இதே கதைதான். மாஸ் சென்சார் கப்ளரைக் கழற்றிவிட்டு இன்ஜின் அணையாமல் ஓடினால், அந்த சென்சாரோ அதைத் தாண்டி நுழையும் காற்றோதான் காரணம். ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் ஓடி, விட்டால் அணைந்தால் ஐடில் வால்வு (ஆக்ஸிலரேட்டர் இல்லாதபோது காற்று விடும் வால்வு).

பழந்துணி விஷயத்தையும் சொல்லிவிடுவோம். இறக்கும்போது இன்டேக் வாயில் குப்பை விழாமல் இருக்க அடைத்த துணியை எடுத்தீர்களா?

எல்லாம் சரி, இன்னும் பிடிக்கவில்லை. கம்ப்ரஷன்?

செல்ஃப் சத்தமே சொல்லும். நல்ல இன்ஜின் ‘ரூ-ரூ-ரூ’ என்று மூச்சு வாங்கிச் சுற்றும். ஒரே சீராக, வேகமாக ‘விய்ய்ங்’ என்று சுற்றினால் கம்ப்ரஷன் இல்லை. டைமிங் பெல்ட் பல் தாண்டியிருக்கலாம். கேஜ் வைத்துப் பாருங்கள்: த்ராட்டில் முழுதாகத் திறந்து, எல்லா பிளக்கையும் கழற்றி, பம்ப் ஃபியூஸையும் காயில் கப்ளரையும் எடுத்துவிட்டு. பெட்ரோல் இன்ஜினில் 10 முதல் 14 பார் வழக்கம்; 7-க்குக் கீழே என்றால் பிடிப்பது கடினம். ஒரு சிலிண்டரில் மட்டும் குறைவென்றால் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கெட். நெடுநேரம் பெட்ரோல் நனைந்த சிலிண்டரில் ஆயில் கழுவப்பட்டு கம்ப்ரஷன் பொய்யாகக் குறைவாகக் காட்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

டீசல் இன்ஜினுக்கு இவை பொருந்துமா?

எர்த், பேட்டரி, கிராங்க் சிக்னல், இம்மொபிலைசர் எல்லாம் பொருந்தும். கூடுதல் எதிரி காற்று. ஃபில்டரில் டீசல் நிரப்பி, கைப்பம்ப்பை அது இறுகும்வரை அழுத்தி ஏர் எடுங்கள். பழைய பம்ப் வகை டீசலில் ஸ்டாப் சோலனாய்டுக்கு 12 வோல்ட் வந்து ‘டிக்’ என்று இழுக்க வேண்டும். அதில் இன்ஜெக்டர் நட்டைச் சற்றே தளர்த்தி ஏர் எடுப்பதும் வழக்கம். காமன் ரெயில் இன்ஜினில் (மிக உயர் பிரஷர் டீசலை ஒரே குழாயிலிருந்து எல்லா இன்ஜெக்டருக்கும் தருவது) அதைச் செய்யவே கூடாது. அதிலிருந்து வரும் பீச்சல் தோலைத் துளைத்து உள்ளே போகும். காமன் ரெயிலில் ஸ்கேனரில் ரெயில் பிரஷர் பாருங்கள். பெரும்பாலும் 200 பார் அளவைத் தொட்டால்தான் இசியு இன்ஜெக்டரைத் திறக்கும். குளோ பிளக் (டீசல் சிலிண்டரைச் சூடேற்றும் பிளக்) சூடாக இருக்கும்போது ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே அடிப்பது இன்டேக்கை வெடிக்கவைக்கும் வழி.

எவ்வளவு நேரம் விடாமல் செல்ஃப் அடிக்கலாம்?

ஒரு தடவைக்குப் பத்து விநாடி. நடுவே அரை நிமிடம், நான்கைந்து முறைக்குப் பிறகு இன்னும் அதிக ஓய்வு. கேடலிடிக் கன்வர்ட்டர் (சைலன்சர் குழாயில் புகையைச் சுத்தம் செய்யும் பாகம்) உள்ள காரில் எரியாத பெட்ரோல் அதற்குள் சேர்ந்துகொண்டே போகும். கடைசியில் இன்ஜின் பிடிக்கும்போது கன்வர்ட்டர் பழுக்கச் சூடேறிவிடும்.

நாள்பட நின்ற இன்ஜின் என்றால், பெட்ரோல் முயற்சிக்கு முன்பே பம்ப் ஃபியூஸை எடுத்து, பிளக்கைக் கழற்றி, ஆயில் விளக்கு அணையும்வரை பத்துப் பத்து விநாடியாகச் சுற்றி ஆயிலை மேலே ஏற்றிவிடுங்கள். பேரிங் வறண்டு ஓடக்கூடாது.

பிடித்துவிட்டது! முதல் ஐந்து நிமிடம் என்ன பார்ப்பது?

ஆயில் விளக்கு. பத்து விநாடிக்குள் அணையாவிட்டால் இன்ஜினை நிறுத்துங்கள். அடுத்து பெட்ரோல் ஹோஸ் இணைப்புகளில் டார்ச் அடித்துக் கசிவு பாருங்கள். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். பேட்டரியில் 13.8 முதல் 14.5 வோல்ட் வந்தால் ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறது. ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து கூலன்ட்டின் ஏர் எடுங்கள்: ஹீட்டர் குளிர்ந்த காற்றை வீசிக்கொண்டே மீட்டர் முள் மட்டும் ஏறினால் உள்ளே ஏர் லாக் இருக்கிறது, நிறுத்தி ஆற வைத்து மறுபடி நிரப்புங்கள். ரேடியேட்டர் ஃபேன் ஒருமுறை தானாக ஓடி நிற்கும்வரை காரை விட்டு நகராதீர்கள்; ஃபேன் வயரை மாட்டினோமா என்பது அப்போதுதான் தெரியும்.